மகோலா சந்தையைத் துணியிலும் சாக்கிலும் கட்டுவது: கலப்பு ஊடகப் படம் செய்யப் புதியவர்களுக்கு

கானாவில் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்காவில் நெடுங்காலம் பணிபுரிந்தவர் எல் அனட்சுயி. மதுப்பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டித் தகடாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரை மூடும் விரிப்புகளாகச் செய்கிறார். 2015இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைக் கொடுத்தது. கானாவின் தலைநகர் அக்ராவைச் சேர்ந்த செர்ஜ் அட்டுக்வெய் க்ளோட்டி மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைக்கிறார். சமையல் எண்ணெய் வந்த அந்தக் கேன்களில்தான் பிறகு வீடுகளுக்குத் தண்ணீர் போனது. ஜான் குஃபுவோர் கானாவின் அதிபராக இருந்த காலத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அவற்றுக்குக் ‘குஃபுவோர் காலன்’ என்றே பெயர் விழுந்தது. வட கானாவின் தமாலே நகரைச் சேர்ந்த இப்ராஹிம் மஹாமா கொக்கோ மூட்டை கட்டிய சணல் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்துக் கட்டடங்களையே போர்த்துகிறார்.

மூவரிடமும் கற்க வேண்டியது ஒன்றுதான். சந்தையைப் பற்றிப் படம் செய்தால், சந்தையில் கைமாறிய பொருளே படத்தின் உடம்பாக இருக்கட்டும். சாக்கை வரையாதீர்கள், சாக்கையே ஒட்டுங்கள். பெண்ணின் உடைக்கு வண்ணம் தீட்டாதீர்கள், துணியையே வெட்டி வையுங்கள். தூரிகை தொட வேண்டியது முகம், கை, நிழல், வெளிச்சம் ஆகியவற்றை மட்டுமே.

முதலில் ஓர் இடம், ஒரு வேலை

‘ஆப்பிரிக்க வாழ்க்கை’ என்று தொடங்கினால் அந்திச் சூரியன், பாவோபாப் மரம், குடத்தோடு ஒரு கருநிழல் உருவம் என்றுதான் முடியும். அது எந்த ஊரும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. லாகோஸின் மஞ்சள் டான்ஃபோ வேனை அக்ராவின் தெருவில் நிறுத்தினால் அங்குள்ளவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்ட இடம் அக்ராவின் மகோலா சந்தை. முன்னால் தக்காளி விற்கும் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால், தலையில் அலுமினியப் பேசினைச் சுமந்து ஓர் இளம்பெண் குறுக்கே போகிறாள். வட கானாவிலிருந்து வேலை தேடி அக்ராவுக்கும் குமாசிக்கும் வந்து சுமை தூக்கும் இந்தப் பெண்களைக் ‘கயாயெய்’ என்கிறார்கள். மகோலாவில் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தக்காளி மரப்பெட்டிகளில் வரும், வறண்ட மாதங்களில் பெருமளவு அண்டை நாடான புர்கினா ஃபாசோவிலிருந்து வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், மரப்பெட்டிக்கு மெல்லிய மரச்சீவல் வேண்டும், பேசினுக்கு அலுமினியம் வேண்டும் என்று பொருள்பட்டியல் தானாக எழுந்துவிடும்.

மாதிரிக்குப் புகைப்படம் தேவைப்பட்டால் ஐந்தாறு படங்களைப் பார்த்து உடல்நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய முகத்தை அவர் அனுமதியில்லாமல் அப்படியே பெயர்த்து வைப்பது தவறு. கானாவில் துணியில் பதிக்கும் அடின்க்ரா முத்திரைகளை அலங்காரப் புள்ளிகள்போல் இறைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பொருளுண்டு, அந்த முத்திரை பதித்த துணி இறுதிச்சடங்குகளோடு நெருங்கிய தொடர்புள்ளது.

வாங்கவும் சேர்க்கவும்

40 × 50 செ.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் ஒன்று. கேன்வாஸ் வேண்டாம். துணி, சாக்கு, கம்பி எல்லாம் ஏறும்போது கேன்வாஸ் தொய்யும், தொய்ந்தால் அதன் மேலுள்ள மணல் பூச்சு வெடிக்கும்.

அக்ரிலிக் பிரைமர் 250 மி.லி., மேட் அக்ரிலிக் மீடியம் (ஒட்டவும் வண்ணத்தில் கலக்கவும் உதவும், காய்ந்தால் பளபளக்காத நிறமற்ற பசை) 250 மி.லி. வெள்ளை ஃபெவிகாலிலும் வேலை நடக்கும், ஆனால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் அது இளகும். துணியின் மேல் நீர்த்த வண்ணம் பூச வேண்டியிருப்பதால் மீடியம்தான் பாதுகாப்பு. பணத்தை மிச்சப்படுத்த, மேலே வண்ணம் வராத சாக்குக்கு மட்டும் ஃபெவிகாலை வைத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக் வண்ணங்களில் எரித்த அம்பர் (burnt umber), எரித்த சியன்னா (burnt sienna), அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் ஓக்கர், ஒரு சிவப்பு, வெள்ளை போதும். கறுப்பு வாங்க வேண்டாம். காரணம் தோல் நிறம் பற்றிச் சொல்லும்போது வரும்.

பிறகு வாக்ஸ் பிரிண்ட் துணி அரை மீட்டர், பழைய சணல் சாக்கு ஒன்று, குளிர்பான அலுமினியக் கேன் இரண்டு, மஞ்சள் எண்ணெய்க் கேன் ஒன்று, 0.5 மி.மீ. செம்புக் கம்பி 3 மீட்டர், சலித்த மெல்லிய மணல் அரை டம்ளர், அட்டைப்பெட்டி, அச்சான சிவப்புத் தாள்கள். மணல் கடற்கரையிலிருந்து எடுத்ததென்றால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, பூச்சின் மேல் வெள்ளையாகப் பூக்கும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே

இந்தப் படம் நிற்பதும் விழுவதும் துணியில்தான். வாக்ஸ் பிரிண்ட், மெழுகு தடவிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் இயந்திரத்தில் செய்யத் தொடங்கியது. நெதர்லாந்தின் ஹெல்மொண்டில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ இன்றும் அதைச் செய்கிறது. கானாவில் தேமாவிலும் அகோசொம்போவிலும் ஆலைகள் எழுந்தன. டோகோவின் தலைநகர் லோமேயில் இந்தத் துணியை மொத்தமாக விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்த பெண்கள் ‘நானா பென்ஸ்’ என்று பெயர் பெற்றார்கள். துணி வந்த வழி எதுவானாலும் அதற்குப் பெயரும் பொருளும் கொடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள். பறக்கும் தகைவிலான் குருவிகள் போட்ட துணிக்குக் கானாவில் ‘பணத்துக்குச் சிறகுண்டு’ என்று பெயர். தக்காளி விற்பவளுக்கு அதைக் கட்டிவிட்டால் படத்தில் ஒரு பேச்சு கூடுகிறது.

இணையத்தில் ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று விற்பதில் நிறைய பாலியஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணத்துச் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். பாலியஸ்டரில் மீடியம் ஊறாது, ஓரங்கள் எழும்பிக்கொண்டே இருக்கும்.

அடுத்து துணியைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான வாக்ஸ் பிரிண்டில் இரு பக்கமும் ஒரே அளவு நிறமிருக்கும், மெழுகுப் பிசின் விரிசலால் வந்த மெல்லிய நரம்புக் கோடுகளும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அச்சான மலிவு வகையில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மலிவு வகையை ஒதுக்க வேண்டாம். பின்னால் நடக்கும் பெண்ணுக்கு அந்த வெளிறிய பக்கத்தை மேலே வைத்து ஒட்டினால், வண்ணம் தொடாமலே அவள் தூரத்துக்குப் போய்விடுவாள்.

துணியை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து அலசி, கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சியோடு ஒட்டினால் இரண்டொரு நாளில் குமிழி எழும். ஈரத் துணிமேல் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இன்னும் இரண்டு முறை அலச வேண்டும், இல்லையேல் மீடியத்தின் ஈரத்தில் சாயம் பக்கத்துத் தாளுக்குப் பரவும். காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது கோலத்தின் அளவில். உடுத்தும் துணியில் ஒரு பூவோ பறவையோ 15 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். உங்கள் படத்தில் உட்கார்ந்த பெண்ணின் உயரமே 25 செ.மீ. பெரிய கோலத்தை அப்படியே வெட்டினால் அவள் உடையில் பறவை இருக்காது, ஒரு இறகின் துண்டுதான் இருக்கும். ஆகவே 3 செ.மீ.க்கு உட்பட்ட கோலமுள்ள துணியைத் தேடுங்கள். பெரிய கோலம்தான் கிடைத்ததென்றால் உருவத்தையே பெரிதாக்கி, இடுப்புக்குக் கீழே சட்டத்தில் வெட்டுப்பட விடுங்கள். துணியின் கரையில் ஆலையின் பெயர் அச்சாகியிருந்தால் அந்தக் கரையை எறியாதீர்கள். படத்தின் கீழ் ஓரத்தில் அது நன்றாக உட்காரும்.

பலகையும் தரையும்

பலகையின் இரு பக்கமும் பிரைமர் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் சுருங்கிப் பலகை வளையும். முன்பக்கம் இரண்டு கோட், இடையே ஒரு மணி நேரம். காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

பென்சிலால் மூன்று பகுதி பிரியுங்கள். கீழே 15 செ.மீ. தரை, நடுவில் ஆட்கள், மேலே 12 செ.மீ. கடைகளும் குடைகளும். தரைக்கு மூன்று பங்கு மீடியம், ஒரு பங்கு மணல், கொஞ்சம் எரித்த சியன்னா, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அல்ட்ராமரின், வெள்ளை. தார் ரோட்டில் படிந்த தூசியின் சாம்பல் பழுப்பு வரும். பழைய அட்டையால் 2 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் இழுத்துப் பூசி, ஒரு நாள் கிடையாக விடுங்கள். மணல் பாதிக்குப் பாதி ஆனால் பிடிமானம் இல்லாமல் உதிரும்.

மேல்பகுதிக்கு வெள்ளையில் துளி மஞ்சள் ஓக்கர் கலந்து மெல்லப் பூசுங்கள். சுமாராக நவம்பர் முதல் மார்ச் வரை சஹாராவின் தூசியைக் கொண்டுவரும் ஹர்மட்டான் காற்றில் அக்ராவின் வானம் நீலமாக இருக்காது, பால் கலந்ததுபோல் இருக்கும். அந்த மங்கலில்தான் முன்னாலிருக்கும் துணியின் நிறம் எழுந்து நிற்கும். பளிச்சென்ற நீல வானம் வைத்தால் இரண்டும் சண்டை போடும்.

தாள், சாக்கு, துணி: ஒட்டும் வரிசை

பின்னணிக் கடைகளுக்குத் தாள். நாளிதழை நேரடியாக ஒட்டினால் ஓரிரு ஆண்டில் பழுப்பேறும், தாளிலுள்ள லிக்னின்தான் காரணம். வேண்டிய எழுத்தையும் படத்தையும் நல்ல தாளில் லேசர் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் நகல் ஈரம் பட்டதும் கரையும். தாளைத் தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்து, நீரை ஒற்றி, பலகையில் மீடியம் பூசிய இடத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். உலர்ந்த தாளை ஒட்டினால் ஒட்டிய பிறகே அது விரியும், சுருக்கமெல்லாம் அதனால்தான்.

தாளை ஒட்டாமல் படத்தை மட்டும் பெயர்க்கவும் முடியும். நைஜீரியாவின் எனுகுவில் பிறந்த ஞிடெகா அக்குன்யிலி க்ராஸ்பி குடும்பப் படங்களையும் இதழ்ப் படங்களையும் இப்படிப் பெயர்த்து, தம் ஓவியங்களில் சுவராகவும் தரையாகவும் ஆக்குகிறார். அவர் வழி கரைப்பானைக் கொண்டது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியும் கெடுதல், ஆகவே தொடக்கத்தில் வேண்டாம், மீடியத்தாலேயே பெயர்க்கலாம். லேசர் நகலைக் கண்ணாடி பிம்பமாக எடுங்கள், எழுத்து இருந்தால் இது மிக முக்கியம். அச்சுப் பக்கத்தில் கெட்டியாக மீடியம் பூசிக் கவிழ்த்து அழுத்தி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, ஈரப் பஞ்சால் நனைத்து விரலால் தேயுங்கள். தாள் நாராக உருண்டு வரும், மை பலகையிலேயே நிற்கும். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் தேய்த்தால் மையும் சேர்ந்து வந்துவிடும்.

சாக்கை வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்து உதறிய பின் பையில் கட்டி மூன்று நாள் பிரீஸரில் வைத்தால் பூச்சித் தொல்லை வராது. வெட்டும் முன் வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் ஒரு செ.மீ. அகலத்துக்கு நீர்த்த ஃபெவிகால் பூசிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தரித்ததும் பிரிந்துவிடும். பழைய சாக்கில் அச்செழுத்தும் தையலும் இருந்தால் அவை முன்பக்கம் தெரியட்டும். மஹாமாவின் சாக்குகள் பேசுவதே அந்தத் தழும்புகளால்தான்.

துணிக்கு முதலில் தாளில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பெண்ணின் இடுப்புத் துணி, மேல்சட்டை, தலைக்கட்டு என்று தனித்தனியாக. வெட்டும் முன் துணியின் பின்புறம் மீடியத்தை மெல்லப் பூசிக் காயவிட்டால் ஓரம் நூல் பிரியாது, கூரான கத்தரி காகிதம்போல் வெட்டும். ஒட்டும்போது மீடியத்தில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். மேலே பட்டர் பேப்பர், பலகை, 5 கிலோ எடை. இரண்டு மணி நேரம் கழித்து எடையை எடுத்துக் காற்றாட ஒரு நாள் விடுங்கள். பாலித்தீன் போட்டு மூடினால் ஈரம் போக வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும், கடலோர ஊர்களில் இது நிச்சயம்.

துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி ஒட்டும் ஆசை வரும். வேண்டாம். மடிப்பில் தூசி சேரும், கோலமும் உடையும். தட்டையாக ஒட்டி, அல்ட்ராமரினும் அம்பரும் கலந்த நீர்த்த வண்ணத்தால் மடிப்பின் நிழலை மட்டும் இழுங்கள். கோலம் வளையாமல் தட்டையாகவே நிற்பது இவ்வகைப் படத்துக்கு அழகு.

தோல் நிறமும் நிற்கும் விதமும்

எரித்த அம்பர் மூன்று பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு, சிவப்பு கால் பங்கு. அடிநிறம் இது. நிழலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள். வெளிச்சம் விழும் நெற்றி, கன்னம், தோளுக்கு ஓக்கரும் சிவப்பும் சேருங்கள். வெள்ளை சேர்த்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் செத்துவிடும். நிழலில் கறுப்பு சேர்த்தால் முகத்தில் ஓட்டை விழுந்ததுபோலாகும். குழாய்க் கறுப்பு ஒளியை விழுங்கிவிடும், நீலமும் அம்பரும் சேர்ந்த இருட்டில் ஒளி உள்ளே போய் வரும். கன்ன எலும்பின் ஓரத்தில் வானத்தின் வெளிச்சமாக மங்கிய ஊதா ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், முகம் திரும்பி உங்களைப் பார்க்கும்.

சுமை தூக்கும் பெண்ணை வரைகையில் கழுத்தைச் சாய்க்காதீர்கள். பேசினின் மையம், கழுத்து, ஊன்றிய குதிகால் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். நூல் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். தலைக்கும் பேசினுக்கும் இடையே சும்மாடு இருக்கும், அதற்கு அதே துணியின் துண்டைச் சுருட்டி வைக்கலாம். தலைச்சுமையோடு நடப்பவர் தரையைப் பார்ப்பதில்லை, பார்வை நேராகப் போகும்.

உலோகமும் பிளாஸ்டிக்கும்

கனமான கையுறை போட்ட பிறகே அலுமினியக் கேனைத் தொடுங்கள். மேலும் கீழும் வெட்டி எறிந்து, நடுத்தகட்டை விரித்து, பழைய ரப்பர் விரிப்பில் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பேசினின் விளிம்பையும் வளையங்களையும் அழுத்துங்கள். விளிம்பை 3 மி.மீ. உள்ளே மடித்துத் தட்டினால் கை கிழிக்காது. சோடா மூடிகளை வைத்து அனட்சுயிபோல் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அவர் எடுப்பது மதுப்பாட்டிலின் அலுமினியத் திருகுமூடி. சோடா மூடி இரும்பு, ஈரத்தில் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும்.

மஞ்சள் கேனின் பிளாஸ்டிக்கை எந்தப் பசையாலும் ஒட்ட முயலாதீர்கள். பாலிஎத்திலீன் வழவழப்பில் பசை பற்றாது, வண்ணமும் தோலாக உரிந்துவிடும், சூட்டுப் பசைக்குச்சி கோடையில் கழன்றுவிடும். கம்பியால் கோப்பதுதான் வழி. 2 செ.மீ. சதுரங்களாக வெட்டி, மூலைக்கொரு 2 மி.மீ. துளையிட்டு, கம்பியால் ஒன்றோடொன்று முறுக்கி, கடையின் கூரையாக ஒரு பட்டை செய்யுங்கள். சுமார் 30 சதுரம் போதும். பட்டையைப் பலகையில் துளையிட்டுப் பின்பக்கம் முறுக்கிக் கட்டுங்கள்.

பலகையைத் துளையிடும்போது ஒரு எச்சரிக்கை. துளைப்பான் முனை துணியில் பட்டால் நூலைச் சுற்றி இழுத்து, நாள்கணக்கான வேலையை நொடியில் கிழிக்கும். துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடால் சிறு சிலுவை வெட்டி, நூலை விலக்கிய பிறகே துளைப்பானை வையுங்கள்.

தக்காளிக்குக் காகிதத் துளைக் கருவி உதவும். நாலைந்து விதச் சிவப்புத் தாளில் 60 வட்டங்கள் வெட்டி, கீழே கருஞ்சிவப்பு, மேலே ஆரஞ்சு என்று கூம்பாக அடுக்கி ஒட்டுங்கள். ஒரே சிவப்பென்றால் குவியல் தட்டையாகிவிடும். பெட்டிக்கு மரச்சீவலைக் குறுக்காக ஒட்டினால் முடிந்தது.

சென்னைத் துணியில் ஒரு தனி வேலை

மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் துணி வழியாக நேரான தொடர்பு ஒன்று உண்டு. மதராஸ் கைக்குட்டை என்ற பெயரில் இங்கிருந்து போன கட்டம்போட்ட கைத்தறித் துணியை நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்கள் தலைமுறைகளாகப் போற்றி உடுத்துகிறார்கள். புகுமா போன்ற ஊர்களில் பெண்கள் அந்தத் துணியிலிருந்து சில நூல்களைப் பிளேடால் வெட்டி உருவி, கட்டங்களுக்குள் புதுக் கோலம் எழச் செய்வார்கள். அதற்கு ‘பெலெதே பிதே’ என்று பெயர். இது மகோலாவின் வேலை அல்ல, ஆகவே அந்தப் படத்தில் கலக்க வேண்டாம். 20 × 20 செ.மீ. தனிப் பலகையில் செய்யுங்கள்.

நூலிலேயே சாயமேற்றி நெய்த, நெருக்கமில்லாத கட்டத் துணி எடுங்கள். அச்சடித்த கட்டம் உதவாது. எம்பிராய்டரி சட்டத்தில் இறுக்கிப் பிடித்து, வெளிர்நிற நூல்களில் ஒன்றை ஊசி முனையால் தூக்கி, பிளேடு முனையால் வெட்டி, அரை அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு போட்டு, இடைத்துண்டை இடுக்கியால் உருவுங்கள். அடுத்தடுத்த நூல்களில் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் போனால் வைரம், படி, சதுரங்கக் கட்டம் என்று கோலம் வரும். ஒரே இடத்தில் பாவு நூலையும் ஊடை நூலையும் முழுக்க எடுத்தால் ஓட்டைதான் மிஞ்சும், சுற்றியுள்ள நூலும் வழுகிவிடும். ஒரு உள்ளங்கை அளவுக்கே பொறுமையாகப் பல மணி நேரம் ஆகும். முடிந்த துணியை ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். அடியில் கருநீலமோ கருஞ்சிவப்போ பூசியிருந்தால் உருவிய இடமெல்லாம் தெரியும். முழுக்கப் பசை தடவினால் அந்த இடைவெளிகள் அடைபட்டு வேலை வீண்.

முடிப்பும் மாட்டுவதும்

எல்லாம் காய ஒரு வாரம் கொடுங்கள். பிறகு மேட் அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிய இரண்டு கோட், இடையே நாலு மணி நேரம். சாக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நனைந்ததுபோல் கறுத்துவிடும். பிளாஸ்டிக்குக்கும் வேண்டாம். அடைமழை நாளில் வார்னிஷ் பூசினால் பால்போல் வெளுக்கும், காய்ந்த நாள்வரை காத்திருப்பது நல்லது.

பின்பக்கம் துருத்திய கம்பி முனைகளை மடக்கித் தட்டி, மேல் டேப் ஒட்டுங்கள். இரண்டு கொக்கி வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திருகுங்கள். படம் இரண்டு கிலோவைத் தாண்டும், ஆகவே சுவரில் ஆணி போதாது, திருகும் பிளக்கும் வேண்டும். நேர்வெயில் படும் சுவரில் துணியின் சாயம் முதலில் வெளுக்கும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள். பலகையின் பின்னால் துணியின் பெயர், ஆலை, எந்தச் சந்தையைப் பார்த்துச் செய்தது, எந்தக் கலைஞரின் முறை எங்கே பயன்பட்டது என்பதை அழியாத மையால் எழுதிவையுங்கள்.